ஆர்க்யுமென்ட்டா, டிஸ்பியூட்டா, குவாரலா: எந்தச் சொல்லை எழுதுவது?

கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவருக்கு மெமோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷிப்ட் முடியும் நேரத்தில் சூப்பர்வைசருடன் நீங்கள் ‘குவாரல்’ செய்தீர்கள், விளக்கம் கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. நடந்தது என்னவோ ஓவர்டைம் கணக்கில் விட்டுப்போன இரண்டு மணி நேரத்தைப் பற்றிய பேச்சு. குரல் கொஞ்சம் உயர்ந்தது, அதை மறுக்க முடியாது. இப்போது பதிலில் நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது? மெமோவில் இருக்கும் சொல்லையே திருப்பி எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும். ‘டிஸ்கஷன்’ என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார்.

கைவசம் இருப்பவை ஆறு சொற்கள்: ஆர்க்யுமென்ட், டிஸ்பியூட், குவாரல், ஆல்டர்கேஷன், டிபேட், டிஸ்கஷன். அகராதியில் வாக்குவாதம் என்று தேடினால் இவற்றில் மூன்று நான்கு வரிசையாக நிற்கும். எதை எங்கே போடுவது என்று மட்டும் இருக்காது. நம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் டிஸ்பியூட்டை எடுப்பதைப் பார்க்கிறேன். அந்தச் சொல்லில் ஓர் ஆபீஸ் வாசனை இருக்கிறது, அதனால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். என் கட்சி வேறு. முதலில் ஆர்க்யுமென்ட்டை எடுங்கள். அதை விட்டு நகரக் காரணம் இருந்தால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள்.

நாம் ஆர்க்யுமென்ட்டைக் கண்டு தயங்குவதற்குக் காரணம் வீட்டிலேயே இருக்கிறது. “ஆர்க்யூ பண்ணாத” என்று அம்மாவும் டீச்சரும் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல் நம் காதில் ‘எதிர்த்துப் பேசுவது’ என்றே பதிந்துவிட்டது. பெரியவர்களை மதிக்காமல் வாயாடுவது என்ற ஒரே பொருள்தான் நமக்குத் தெரியும். அதனால் கல்லூரிக் கட்டுரையில்கூட நம் மாணவர்கள் ‘இந்த ஆசிரியர் இப்படி ஆர்க்யூ செய்கிறார்’ என்று எழுதுவதில்லை, ‘சொல்கிறார்’ என்றே எழுதிவிட்டுப் போகிறார்கள். சொல்வதும் காரணம் காட்டி நிறுவுவதும் ஒன்றில்லை. ஆர்க்யூ இல்லாத இடத்தில் கட்டுரை மெலிந்துபோகிறது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு எப்போதும் இரண்டு முகம். காரணங்களை அடுக்கி ஒன்றை நிறுவுவது ஒரு முகம், கோபத்தோடு வாய் வளர்ப்பது இன்னொரு முகம். எந்த முகம் தெரிகிறது என்பதைப் பக்கத்தில் வரும் சின்னச் சொல் காட்டிக்கொடுத்துவிடும். ஆர்க்யூவுக்குப் பின்னால் ‘தட்’ வந்தால் அது வாதம். ‘ஃபார்’, ‘அகெய்ன்ஸ்ட்’ வந்தாலும் வாதம்தான். ‘வித்’ வந்து ஒரு ஆளின் பெயர் வந்தால் அங்கே குரல் உயர்ந்திருக்கிறது. ‘ஓவர்’ வந்தால் எதற்காகச் சண்டை என்பது தெரிகிறது. நீதிமன்றத்தில் ‘ஆர்க்யுமென்ட் முடிந்தது, தீர்ப்புக்கு ஒத்திவைத்தார்கள்’ என்று மஞ்சக்குப்பத்தில் வழக்குக்கு வந்துபோகும் விவசாயிகூடச் சொல்வார். அந்த இடத்தில் யாரும் அதைச் சண்டை என்று எடுத்துக்கொள்வதில்லை.

இந்த இரட்டை முகம் புதிதில்லை, பிறவியிலேயே இருந்தது. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து 1300 வாக்கில் வந்தது. பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் ‘அர்குவேரே’ என்றால் தெளிவாக்குவது, வெளிச்சம் போட்டுக் காட்டுவது, நிரூபிப்பது. ஒருவரின் தப்பை வெளிச்சம் போட்டுக் காட்டினால் அது குற்றச்சாட்டு ஆகிவிடும் அல்லவா? அதனால் லத்தீனிலேயே ‘குற்றம் சாட்டுவது’ என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. இன்னும் பின்னால் போனால், ஒளிர்வது, வெண்மை என்ற பொருளுள்ள ஒரு வேரோடு இதை இணைக்கிறார்கள். வெள்ளிக்கு லத்தீனில் ‘அர்கென்டும்’ என்ற பெயர் அந்த வேரிலிருந்து வந்தது. அர்ஜென்டினா என்ற நாட்டின் பெயரும், பிரெஞ்சில் பணத்தைக் குறிக்கும் ‘அர்ழான்’ என்ற சொல்லும் அந்த வெள்ளியின் வழிதான். வடமொழியில் வெண்மையைக் குறிக்கும் ‘அர்ஜுன’ என்பதும் அதே குடும்பம். வெளுத்த பட்டையுள்ள மருதமரத்துக்கும் வடமொழியில் அந்தப் பெயர் உண்டு, திருவிடைமருதூரை மத்தியார்ஜுனம் என்பது அதனால்தான். தேரை நிறுத்திவைத்துக் கண்ணனிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டவன் பெயரும் ஆர்க்யூவும் தூரத்து உறவு என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

சரி, பிறப்புக் கதை சொல்லைத் தேர்ந்தெடுக்க உதவுமா? கொஞ்சம்தான் உதவும், சில இடத்தில் ஆளைக் குழப்பியும்விடும். டிபேட் என்ற சொல்லைப் பாருங்கள். மேடை, மைக், நடுவர், மணி என்று மரியாதையாக இருக்கும் இந்தச் சொல்தான் அடிதடியிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில் ‘பாத்ர்’ என்றால் அடிப்பது. அதனோடு ‘தெ’ சேர்ந்தால் அடித்து வீழ்த்துவது. போருக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘பேட்டில்’, ‘காம்பேட்’ எல்லாம் அதன் உடன்பிறப்புகள். டிஸ்கஷனும் அப்படித்தான். லத்தீனில் அது உலுக்கி உடைப்பது. மேளம் தட்டுவதைச் சொல்லும் ‘பெர்கஷன்’ என்ற சொல்லில் இருக்கும் அதே தட்டல் இதிலும் இருக்கிறது. மறுபக்கம், இன்று சூடாகத் தெரியும் டிஸ்பியூட்டின் பிறப்பு மிகவும் அமைதியானது. லத்தீனில் ‘புதாரே’ என்றால் முதலில் கொடியைக் கழித்துச் சுத்தம் செய்வது, பிறகு கணக்குப் பார்ப்பது, எண்ணிப் பார்ப்பது. கம்ப்யூட்டரும் அதே வேர்தான். கை காலை வெட்டி எடுக்கும் ‘ஆம்புடேஷன்’ பழைய கிளை கழிக்கும் பொருளை இன்னும் வைத்திருக்கிறது. ஆக, அடிதடி மேடையேறிவிட்டது, கணக்குப்பிள்ளை சண்டைக்கு வந்துவிட்டார். பிறப்பை மட்டும் நம்பிச் சொல்லைத் தேர்ந்தெடுப்பவர் தலைகீழாகத் தேர்ந்தெடுப்பார்.

நம் தகராறும் இப்படி இடம் மாறிய சொல்தான். அரபியில் ‘தக்ரார்’ என்றால் திரும்பத் திரும்பச் சொல்வது. உருது வழியாக இங்கே வந்து சேர்வதற்குள் சண்டை ஆகிவிட்டது. இரண்டு பேர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தால் வேறு என்ன ஆகும்?

ஒரே சம்பவம், மூன்று சொல்

இந்தச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நல்ல சம்பவம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி லபூர்தொனே சென்னையைப் பிடித்தார். ஒரு பெருந்தொகையை வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். புதுச்சேரி கவர்னர் துய்ப்ளே அதை ஏற்கவில்லை. பிடித்த ஊர் தன் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பது அவர் பேச்சு. படையெடுப்புக்குத் தலைவன் நான், நான் கொடுத்த வாக்கை மாற்ற முடியாது என்பது இவர் பேச்சு. கடிதங்கள் போயின, வந்தன. அக்டோபரில் அடித்த புயலில் கப்பல்கள் சேதமாகி, லபூர்தொனே கிளம்பிப் போனார். ஒப்பந்தத்தைத் துய்ப்ளே தூக்கிப் போட்டார். ஆங்கிலேயர் தலைமையிடத்தைக் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாற்றிக்கொண்டார்கள், 1752 வரை அது அங்கேதான் இருந்தது. அந்தக் காலத்துப் புதுச்சேரியைத் தமிழில் தெரிந்துகொள்ள ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை விட நல்ல வழி கிடையாது. 1736-இல் தொடங்கி 1761 வரை ஓடும் குறிப்பு அது.

இப்போது இதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் வைப்பீர்கள்? சென்னை யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது என்பது டிஸ்பியூட். அதைப் பற்றி இருவரும் எழுதிக்கொண்ட ‘நீ சொல்வது ஏன் தப்பு’ என்ற காரணங்கள் ஆர்க்யுமென்ட். அந்தக் காரணங்களையெல்லாம் தாண்டி இரண்டு மனிதர்களுக்கு இடையே முகம் முறிந்ததே, அது குவாரல். துய்ப்ளே பக்கம் நியாயம் என்று நினைப்பவர் முதல் சொல்லைப் போடுவார். இரண்டு பேருக்கும் தலைக்கனம், அதனால் பிரெஞ்சுக்காரர் காரியம் கெட்டது என்று நினைப்பவர் மூன்றாவதைப் போடுவார்.

என் தேர்வு முறை முழுக்க இதில் இருக்கிறது. டிஸ்பியூட் என்பது விஷயத்தின் பெயர். ஆர்க்யுமென்ட் என்பது பேச்சின் பெயர். குவாரல் என்பது உறவுக்கு நேர்ந்ததன் பெயர். உங்கள் கடிதத்தைப் படிப்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள், சொல் தானாக வரும்.

டிஸ்பியூட் எப்போது?

ஒரு கோரிக்கை இருக்க வேண்டும், அதை மறுப்பவர் ஒருவர் இருக்க வேண்டும், தீர்த்துவைக்க மூன்றாவது ஆள் இருக்கவோ வரவோ வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் டிஸ்பியூட். காவிரி அதற்கு நல்ல உதாரணம். 1956-இல் வந்த மாநிலங்களுக்கு இடையேயான நதிநீர்ச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. 1990-இல் அமைத்த காவிரி நடுவர் மன்றத்தின் பெயரிலும் இருக்கிறது. காரைக்காலுக்காகப் புதுச்சேரியும் அந்த வழக்கில் ஒரு தரப்பு. 2007-இல் வந்த இறுதித் தீர்ப்பில் கிடைத்த 7 டி.எம்.சி. 2018-இல் உச்ச நீதிமன்றம் கணக்கைத் திருத்தியபோதும் அப்படியே நின்றது. கணக்குப் பார்ப்பது என்ற பழைய லத்தீன் பொருள் இங்கே மட்டும் கச்சிதமாகப் பொருந்துகிறது. யாருக்கு எவ்வளவு என்பதுதானே எல்லாம்.

தொழிலாளர் பக்கமும் இந்தச் சொல்லுக்குச் சட்ட எடை உண்டு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் இதே சொல்தான். ஒரே ஒரு தொழிலாளியை வேலையை விட்டு நீக்கினால் அதுவும் தொழில் தகராறு ஆகும் என்பதை 1965-இல் தனிப்பிரிவாகச் சேர்த்தார்கள். 2020-இல் நிறைவேறிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் இந்தச் சொல்லைக் கைவிடவில்லை. ஆகையால் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் டிஸ்பியூட் என்று போட்டால், ‘இது இத்தோடு முடியாது, வேறு இடத்துக்கும் போகலாம்’ என்ற ஒரு குறிப்பு அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குறிப்பைக் கொடுக்க விரும்பினால் தாராளமாகப் போடுங்கள். டீக்கடை வாக்குவாதத்துக்குப் போட்டால் கொசுவுக்குப் பீரங்கி.

வினையாக வரும்போது டிஸ்பியூட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, நம்மவர்கள் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை. ‘இதை நான் ஏற்கவில்லை, இது சரியில்லை’ என்று சொல்வதற்கு அதுதான் நேரான சொல். லாஸ்பேட்டையில் வாடகை வீட்டைக் காலி செய்கிறீர்கள். பெயின்ட் அடிக்க என்று அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில், ஆங்கிலத்தில்தான் மெயில் எழுத வேண்டும். அங்கே ‘ஐ டிஸ்பியூட் திஸ் டிடக்‌ஷன்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். கோபம் தெரியாது, மறுப்பு தெரியும். எவரோடும் சண்டை போட்டதாகவும் ஆகாது, ஏனென்றால் வினைக்குப் பின்னால் வருவது ஆள் இல்லை, தொகை. வங்கிக் கணக்கில் தெரியாமல் பணம் போய்விட்டால் நிரப்பச் சொல்லும் படிவத்திலும் இந்தச் சொல்தான் இருக்கும். வங்கியோடு சண்டை என்று அதற்குப் பொருள் இல்லை, ‘இந்த வரவு செலவை ஏற்கவில்லை’ என்பதே பொருள்.

குவாரலும் போலீஸ் ஆங்கிலமும்

குவாரல் பழைய பிரெஞ்சின் ‘கெரெல்’. அதற்கும் பின்னால் லத்தீனில் முறையிடுவது, குறை சொல்வது. ஆங்கிலத்துக்கு வந்த 14-ஆம் நூற்றாண்டில் அதன் பொருள் சண்டை இல்லை, குறை சொல்வதற்கான காரணம், அதாவது மனுவில் இருக்க வேண்டிய விஷயம். ‘எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை’ என்று சொல்ல ஆங்கிலத்தில் இன்றும் ‘நோ குவாரல் வித் தட்’ என்பார்கள். பழைய பொருளின் மிச்சம் அது. வில்லில் வைத்து எய்யும் நாலுமூலைத் தலை அம்புக்கும் ஆங்கிலத்தில் குவாரல் என்று பெயர் உண்டு. பார்க்க உறவு மாதிரி இருக்கும், உறவே கிடையாது. அது நாலு என்ற எண்ணிலிருந்து வந்தது.

இன்றைய குவாரலில் இரண்டு பேருக்கும் பங்கு இருக்கும். தப்பு யாருடையது என்று அந்தச் சொல் சொல்லாது, ஆனால் இருவரும் சும்மா இல்லை என்று சொல்லிவிடும். அண்ணன் தம்பி, கணவன் மனைவி, பக்கத்து வீட்டுக்காரர்கள் இடையே பேச்சு நின்றுபோகும் அளவுக்கு ஒன்று நடந்தால் குவாரல் சரியான சொல். ஆபீஸ் கடிதத்தில் நீங்களே உங்களைப் பற்றி எழுதினால் பாதிப் பழி உங்கள் தலையில் விழும்.

தமிழ்நாட்டுப் போலீஸ், நீதிமன்ற ஆங்கிலத்தில் இதற்கு ஒரு உள்ளூர் வடிவம் உண்டு: ‘வேர்டி குவாரல்’. வாய்த்தகராறு என்பதை அப்படியே பெயர்த்தது. எத்தனையோ தீர்ப்புகளில் இந்தத் தொடரைப் பார்க்கலாம். வெளிநாட்டு ஆங்கிலத்தில் ‘வேர்டி’ என்றால் வளவள என்று பொருள், அதனால் லண்டனில் இருப்பவர் படித்தால் கொஞ்சம் முழிப்பார். கிண்டல் செய்கிறவர்கள் செய்யட்டும், எனக்கு இதில் வெட்கம் எதுவும் இல்லை. கைகலப்புக்கு முன்னால் நடந்தது வெறும் பேச்சுதான் என்பதை இரண்டே சொல்லில் அது காட்டுகிறது, இங்கே எல்லோருக்கும் புரிகிறது. உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ கோர்ட்டுக்கோ போகும் தாளில் அது இருந்தால் திருத்தாதீர்கள். கப்பல் வேலைக்கோ வெளிநாட்டு விசாவுக்கோ போகும் தாளில் மட்டும் ஆர்க்யுமென்ட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ‘வெர்பல் ஆர்க்யுமென்ட்’ என்று ஒட்டுப்போட வேண்டாம், ஆர்க்யுமென்ட் என்றாலே வாயால்தான்.

இன்னொரு எச்சரிக்கை. கிரிமினல் சட்டத்தில் குவாரல் வெறும் விவரணைச் சொல் இல்லை. முன்திட்டம் இல்லாமல், திடீர்ச் சச்சரவில் மூண்ட சண்டையில், ஆத்திரத்தில் நடந்த மரணத்தைச் சில நிபந்தனைகளோடு கொலைக் குற்றத்திலிருந்து பிரித்துப் பார்க்கும் விதிவிலக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 101-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த விதிவிலக்கின் ஆங்கில வாசகத்தில் வரும் சொல் குவாரல். உயிர்ச்சேதமோ பெரிய காயமோ உள்ள விஷயத்தில் சொல் தேர்வை இந்த மாதிரிக் கட்டுரையைப் பார்த்துச் செய்யாதீர்கள், வக்கீலிடம் விட்டுவிடுங்கள்.

ஆல்டர்கேஷனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஆல்டர்’ என்றால் லத்தீனில் இன்னொருவர். நீ ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல என்று மாறி மாறி நடப்பது. பழைய ரோமில் வக்கீல்கள் நேருக்கு நேர் சட்டென்று கேள்வி பதில் மாற்றிக்கொள்ளும் கட்டத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. இன்று அது செய்தித்தாள், போலீஸ் சொல். பொது இடம், நாலு பேர் பார்த்திருப்பார்கள், சூடு ஏறி கைகலப்பின் வாசல் வரை போயிருக்கும் என்ற எண்ணம் படிப்பவருக்கு வரும். நிருபர் எழுதலாம். சம்பந்தப்பட்டவர் தன்னைப் பற்றி எழுதக் கூடாது.

மெமோவுக்கு என்ன பதில்?

இவ்வளவும் பார்த்தபிறகு சிப்காட் கடிதத்தை எழுதிவிடலாம். அதற்கு முன் ஏழாவதாக ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும்: டிஸ்அக்ரீமென்ட். கருத்து ஒத்துப்போகவில்லை என்பதற்கு மேல் அது எதையும் ஒப்புக்கொள்வதில்லை. கடிதத்தின் போக்கு இப்படி இருக்கலாம். ஓவர்டைம் கணக்கைப் பற்றி எனக்கும் சூப்பர்வைசருக்கும் டிஸ்அக்ரீமென்ட் இருந்தது. அது ஆர்க்யுமென்ட்டாக மாறியது, அதில் என் குரல் உயர்ந்ததற்கு வருந்துகிறேன். குவாரல் என்று மெமோவில் இருப்பதை நான் டிஸ்பியூட் செய்கிறேன். விட்டுப்போன இரண்டு மணி நேரத்தைப் பதிவேட்டைப் பார்த்துச் சரிசெய்யக் கேட்டுக்கொள்கிறேன். நடந்த பேச்சுக்கு ஒரு சொல், மறுப்புக்கு ஒரு சொல், குறையோ வேறு வாக்கியத்தில். குரல் உயர்ந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டதால் மீதி வரிகளுக்கு நம்பகம் கூடுகிறது.

டிஸ்கஷன் என்று எழுதியிருந்தால் அது கெட்டிருக்கும். ஐந்து பேர் கேட்ட சத்தத்தை டிஸ்கஷன் என்று எழுதுபவர் மற்றதிலும் மழுப்புவார் என்று நினைக்க இடம் கொடுக்கும். டிஸ்கஷனை முகமூடியாகப் போடாதீர்கள். அதற்கு நல்ல இடம் வேறு இருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் இரண்டு கருத்தைக் கொடுத்து ‘டிஸ்கஸ்’ என்று கேட்டால், இரண்டு பக்கத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஆர்க்யூ செய்தால் கேள்வியில் பாதிக்குத்தான் பதில் சொன்னதாக ஆகும். இன்னொன்று, ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதாதீர்கள். தமிழில் ‘பற்றி’ வேண்டும், அங்கே வேண்டாம். ஆர்க்யூவுக்கு ‘அபௌட்’ வேண்டும், டிஸ்கஸுக்கு வேண்டாம். இதற்குக் காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்துகொள்வதுதான் வழி.

டிபேட்டை எடுப்பதற்கு விதி ஒன்று இருந்தால் போதும்: முறை வைத்துப் பேச வேண்டும், கேட்க ஆள் இருக்க வேண்டும். சட்டசபை, கல்லூரிப் போட்டி, டிவி எல்லாம் இதில் அடங்கும், கடைசியில் சொன்னதில் முறை எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். நமக்கு இந்த வேறுபாடு புதிதில்லை. மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைபவன் சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தில் ஏறச் சொல்கிறான். கூடவே, பகைவரோடுகூடச் செற்றமும் கலாமும் வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறான். டிபேட்டுக்கு ஒரு இடம் ஒதுக்கி, குவாரலை வெளியே நிறுத்திவிட்டான். சட்டக் கல்லூரி மாணவர்கள் பயிற்சிக்காக வாதாடும் ‘மூட் கோர்ட்’டில் உள்ள மூட் பழைய ஆங்கிலத்தில் ஊர்க்கூட்டத்துக்கு இருந்த பெயர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறுபவரை ‘ராங்க்ளர்’ என்பதும் வாதத்திலிருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் தேர்வே லத்தீனில் நின்று வாதாடுவதாக இருந்தது. 1899-இல் அந்த வரிசையில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட இந்தியக் கணித அறிஞர் பராஞ்ச்பேயை இங்கே கடைசி வரை ராங்க்ளர் பராஞ்ச்பே என்றே அழைத்தார்கள். அதே சொல்லின் வினை வடிவம், ராங்கிள், இன்று இழுபறிச் சண்டையைக் குறிக்கிறது.

பிக்கர், ஸ்குவாபிள் என்ற சின்னச் சொற்கள் கதை எழுதுபவர்களுக்கும் வாட்ஸாப்புக்கும் போதும். பிக்கர் ஒரு காலத்தில் படைவீரர்களின் சில்லறை மோதல். இப்போது டிவி ரிமோட்டுக்காக அக்கா தம்பி நடத்துவது. மனுவில் இவற்றை எழுதினால் விஷயம் விளையாட்டாகிவிடும்.

பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனிப் பேச்சு

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டு ஆங்கிலம் எழுதுபவர்கள் உண்டு, ஆங்கிலம் படித்துவிட்டு அல்லியான்ஸ் பிரான்சேஸ் மையத்தில் பிரெஞ்சு படிப்பவர்களும் உண்டு. மேலே சொன்ன சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சு வழி வந்தவை என்பதால் இரண்டு தரப்புக்கும் ‘இது தெரிந்த சொல்தானே’ என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. இரண்டு மொழியிலும் எழுத்து ஒன்றாக இருக்கும், பொருள் எதிரெதிராகப் போயிருக்கும்.

பிரெஞ்சில் ‘திஸ்ப்யுத்’ என்றால் வாய்ச்சண்டை. கணவனும் மனைவியும் காலையில் போட்டுக்கொண்டது அதுதான். பிரெஞ்சில் ‘அர்க்யுமான்’ என்றால் வாதத்தில் எடுத்துவைக்கும் ஒரு காரணம். அதில் சண்டை என்ற நிழலே கிடையாது. ஆங்கிலத்தில் டிஸ்பியூட் விஷயத்தைக் குறிக்கிறது, ஆர்க்யுமென்ட் சண்டையையும் குறிக்கிறது. சரியாகக் குறுக்கே மாறி நிற்கிறது. பிரெஞ்சு முதலில் படித்த ஒருவர் ஆங்கிலத்தில், நேற்று மாமியாரோடு டிஸ்பியூட் நடந்தது என்று எழுதினால், படிக்கும் ஆங்கிலக்காரர் சொத்து வழக்கு என்று நினைத்துக்கொள்வார். ஆங்கிலம் முதலில் படித்தவர் பிரெஞ்சில், பக்கத்து வீட்டாரோடு எனக்கு அர்க்யுமான் இருக்கிறது என்று எழுதினால் அங்கே பொருளே வராது. பிரெஞ்சு ‘திஸ்க்யுத்தே’ மட்டும் ஆங்கில டிஸ்கஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் ‘மறுபேச்சுப் பேசுவது’ என்ற பொருளும் அதில் உண்டு. “ஆர்க்யூ பண்ணாத” என்று நம் அம்மா சொல்லும் இடத்தில் பிரெஞ்சு அம்மா இந்தச் சொல்லைத்தான் எடுப்பார்.

ஆகையால் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்கோ பிரான்சில் உள்ள ஓய்வூதிய அலுவலகத்துக்கோ எழுதுபவர்கள், ஆங்கில வரைவில் டிஸ்பியூட் என்று இருக்கும் இடத்தை அப்படியே பிரெஞ்சாக்கக் கூடாது. கோர்ட்டுக்குப் போன அல்லது போகக்கூடிய விஷயம் என்றால் ‘லித்தீழ்’. அந்த அளவு முற்றாத கருத்து வேறுபாடு என்றால் ‘திஃபெரான்’. பாகப்பிரிவினையில் சகோதரர்களுக்குள் கையெழுத்து ஆகவில்லை, பத்திரம் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது என்ற நிலைக்கு இரண்டாவதுதான் பொருந்தும். வழக்கு எண் கிடைத்த நாளிலிருந்து முதல் சொல்லுக்கு மாறிக்கொள்ளலாம்.